ஆவணங்களில் பக்ஷிப்பிட்டி: கடற்பறவைத் தீவொன்றின் பதிவு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

லட்சத்தீவுக் கூட்டத்தில் கவரத்தித் தீவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் உள்ள பக்ஷிப்பிட்டி, மனிதர் குடியேறாத சிறு மணல்திட்டு. ஆலா இனப் பறவைகள் பெருந்திரளாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இத்திட்டு 1995ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1956 வரை இத்தீவுகள் சென்னை மாகாணத்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. ஆகவே இத்திட்டின் பதிவு வரலாறு சென்னை மாகாண ஆவண மரபின் ஒரு பகுதியாகும். நிலத்தையும் விளைபொருளையும் நுணுகி எண்ணிய அம்மரபில் கடற்பறவைகள் ஏன் இடம்பெறவில்லை, பின்னர் யாரால் எவ்வாறு பதிவாயின, அப்பதிவின் இடைவெளிகள் இன்றைய பாதுகாப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பக்ஷிப்பிட்டி, லட்சத்தீவு, கடற்பறவைகள், ஆலா, சென்னை மாகாணம், பாராமகால், ஆவண வரலாறு

முன்னுரை

கடற்கரையே இல்லாத தருமபுரி மாவட்டத்திலிருந்து கடற்பறவைகளைப் பற்றி எழுதுவது முதல் நோக்கில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் இடத்தின் இயற்கை வரலாறு அவ்விடத்தில் மட்டுமே எழுதப்படுவதில்லை. அதனை ஆண்டவர்கள் எதை எண்ணினர், எதை விட்டனர் என்பதும் அவ்வரலாற்றைத் தீர்மானிக்கிறது. அவ்வகையில் தருமபுரியும் லட்சத்தீவும் ஒரே ஆட்சியின், ஒரே கணக்கெழுதும் முறையின் கீழ் அமைந்த பகுதிகள். நிலப்பகுதியில் மிக விரிவாகவும் தீவுப்பகுதியில் மிகச் சுருக்கமாகவும் செயல்பட்ட அம்முறையை ஒப்பிட்டுக் காண்பது, கடற்பறவை ஆய்வு நம்மிடையே ஏன் காலந்தாழ்ந்து தொடங்கியது என்பதை விளக்க உதவும்.

‘பக்ஷிப்பிட்டி’ என்னும் பெயரே இவ்வாய்வின் முதல் சான்று. தீவினர் வழக்கில் ‘பிட்டி’ என்பது சிறு மணல்திட்டைக் குறிக்கும். ஈழத்தமிழில் மண்மேட்டை ‘மண்பிட்டி’ என வழங்குவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பறவைகளால் அறியப்பட்ட திட்டு என்பது பெயரின் பொருள். எந்த ஆங்கிலேய அதிகாரியும் இட்ட பெயரன்று இது. கடலோடிய மக்கள் தாம் கண்டறிந்ததைப் பெயராகவே பதிந்து வைத்தனர். எழுத்தில் அமைந்த ஆவணங்கள் அனைத்தும் இப்பெயருக்குப் பின்னர் வந்தவையே.

1. பாராமகாலும் தீவுகளும்: ஒரே ஆட்சியின் இரு எல்லைகள்

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாகத் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், திண்டுக்கல், மலபார் ஆகிய பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. பாராமகாலின் நிருவாகம் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். இவர்கள் காலத்தில் திரண்ட தாள்கள் பின்னர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ‘பாராமகால் ஆவணங்கள்’ என்னும் பெயரில் சென்னையில் பகுதி பகுதியாக அச்சிடப்பட்டன. குடிகள், விளைபொருள், நிலத்தீர்வை, வரிகள் எனப் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட இத்தொகுதிகள் ஒரு வட்டாரத்தை வருவாய்க் கண்ணோடு எவ்வளவு நுணுக்கமாக நோக்க முடியும் என்பதற்குச் சான்றாக உள்ளன.

1799இல் திப்பு வீழ்ந்தபின் கன்னடக் கரையும் கம்பெனிக்குக் கிடைத்தது. அதனோடு அமினி, கடமத், கில்தான், செட்லத், பித்ரா ஆகியவை அடங்கிய அமினிதீவுக் கூட்டமும் வந்து சேர்ந்தது. பாராமகாலில் பயின்ற மன்றோவே அக்காலத்தில் கன்னடப் பகுதியின் ஆட்சியராக அமர்த்தப்பட்டார். கவரத்தி உள்ளிட்ட தென்தீவுகள் கண்ணூர் அரக்கல் பீவியின் உரிமையில் இருந்து, 1908இல் முறைப்படி ஆங்கில அரசுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டன. அமினிதீவுகள் தென்கன்னட மாவட்டத்தோடும், ஏனையவை மலபார் மாவட்டத்தோடும் இணைக்கப்பட்டு, 1956 நவம்பர் 1ஆம் நாள் ஒன்றியப் பகுதி உருவாகும் வரை சென்னையின் ஆட்சியில் நீடித்தன.

தருமபுரியின் புன்செய்க் காட்டைத் துண்டுதுண்டாக அளந்த இதே ஆட்சி, தீவுகளில் எதைக் கணக்கிட்டது? தென்னை, தேங்காய், கயிறு ஆகியவற்றையே. தீவுக் கயிற்றைக் குறித்த விலைக்கு ஆட்சியாளரே பெற்றுக்கொள்ளும் தனியுரிமை அங்கு நிலவியது. வில்லியம் லோகனின் மலபார் கையேடும் (1887), ஆர்.எச்.எல்லிஸ் எழுதிச் சென்னை அரசு அச்சகம் 1924இல் வெளியிட்ட தீவுகள் பற்றிய நூலும் இவ்வருவாய் நோக்கில் அமைந்த முதன்மையான விவரணங்கள். தென்னை வளராத, குடிநீர் இல்லாத, தீர்வை தராத மணல்திட்டுக்கு இத்தகைய கணக்கில் இடம் ஏற்படக் காரணமில்லை. வருவாய் தராத இடம் ஆவணமும் பெறாத இடமாயிற்று.

2. பித்ராவும் பக்ஷிப்பிட்டியும்: ஒப்பீடு

ஆவணமின்மையின் விளைவைப் பித்ராத் தீவின் வரலாறு காட்டுகிறது. அமினிதீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பித்ரா ஏறத்தாழ 0.1 சதுர கி.மீ. பரப்பே உடையது. இன்று லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகளுள் மிகச் சிறியது இதுவே. ஒரு காலத்தில் இது கடற்பறவைகள் இனப்பெருக்கம் செய்த இடமாக விளங்கியது. 1945 அளவில் செட்லத்திலிருந்து வந்தோர் இங்கு நிலையாகக் குடியேறினர். குடியேற்றம் தொடங்கியபின் பறவைக் குடியிருப்பு என்னும் நிலையைப் பித்ரா இழந்தது.

பக்ஷிப்பிட்டிக்கு அந்நிலை நேரவில்லை. அதன் பரப்பு சுமார் 1.2 ஹெக்டேர் மட்டுமே. மரஞ்செடிகள் இல்லை, நன்னீர் இல்லை. மனிதர் தங்குவதற்குத் தடையாக இருந்த இவ்வின்மைகளே பறவைகளுக்குப் பாதுகாப்பாயின. சட்டம் இத்திட்டைக் காப்பதற்கு முன்னர் நெடுங்காலம் வறட்சியே அதனைக் காத்தது எனலாம். ஆனால் இயல்பான இப்பாதுகாப்பு முழுமையானதன்று. படகில் வந்து முட்டைகளைத் திரட்டிச் செல்வோரை அது தடுக்கவில்லை.

முட்டை சேகரிப்பு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பது இப்பறவைகளின் வாழ்க்கை முறையை அறிந்தால் விளங்கும். இங்கு இனப்பெருக்கம் செய்வனவாகப் பதிவானவை கருமுதுகு ஆலா, பழுப்பு நோடி, பெருங்கொண்டை ஆலா ஆகியவை. கருமுதுகு ஆலாவும் நோடியும் ஒருமுறைக்கு ஒரே முட்டை இடும். குடியிருப்பை விட்டுப் பறந்த இளம் கருமுதுகு ஆலா மீண்டும் நிலத்திற்கு வந்து இணைசேரப் பல ஆண்டுகள் ஆகும். நீண்ட ஆயுளும் குறைந்த ஈற்றும் உடைய இத்தகைய உயிரினங்களில் தொடர்ந்து ஏற்படும் இழப்பு உடனே புலப்படாது. முதிர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். இளையவை வரவில்லை என்பது பின்னரே தெரியவரும். தொடர்ச்சியான கணக்கு இருந்தாலன்றி இச்சரிவைக் கண்டறிய இயலாது.

3. சேகரிப்புக் காலம்

தீவுகளின் பறவைகளைப் பற்றிய விரிவான முதல் எழுத்துப் பதிவுகளுள் தலையாயது ஆலன் ஆக்டேவியன் ஹியூமினுடையது. 1885இல் இந்திய தேசியக் காங்கிரசின் தோற்றத்தில் பங்காற்றியவர் என்றே தமிழ் வாசகர் அவரை அறிவர். அதற்கு முன்னரே இந்தியப் பறவையியலில் அவர் பெருமுயற்சி மேற்கொண்டிருந்தார். 1873இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும், 1875 பிப்ரவரியில் லட்சத்தீவுக் கூட்டத்திற்கும் பயணம் செய்தார். இரண்டாம் பயணத்தின் முடிவுகள் அவரே நடத்திய ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் 1876இல் வெளிவந்தன.

இப்பதிவின் மதிப்பு பெரிது. அதன் வரம்பும் கருதத்தக்கது. அக்காலப் பறவையியல் அடிப்படையில் சேகரிப்பியல். பறவையைச் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தி, இனத்தை வரையறுப்பதே அதன் இலக்கு. எந்த இனம் எங்குக் கிடைத்தது என்னும் வினாவுக்கு அது விடையளித்தது. எத்தனை இணைகள் முட்டையிட்டன, எத்தனை குஞ்சுகள் தேறின என்னும் வினாக்கள் அப்போது எழவில்லை. ஓரிரு நாள் தங்கும் கப்பற்பயணி அவற்றுக்கு விடை காணவும் இயலாது.

ஹியூமின் உழைப்புக்கு நேர்ந்த கதி ஆவண வரலாற்றில் ஒரு படிப்பினை. 1880களின் தொடக்கத்தில் சிம்லாவில் இருந்த அவர் இல்லத்திலிருந்து, இந்தியப் பறவைகள் பற்றி அவர் எழுதவிருந்த பெருநூலுக்கான கையெழுத்துப் படிகள் திருடப்பட்டுக் கடைத்தெருவில் கழிவுத்தாளாக விற்கப்பட்டன. மனமுடைந்த அவர் தம் சேகரிப்பை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். இதனால் பறவைத் தோல்கள் இலண்டனில் நிலைபெற்றன. அவற்றோடு சேர்ந்திருக்க வேண்டிய களக்குறிப்புகளில் பெரும்பகுதி அழிந்தது.

பின்வந்த அறிவியற் பயணங்கள் கடலடி உயிரினங்களையும் பவளப்பாறைகளையும் முதன்மைப்படுத்தின. ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலின் மருத்துவ இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ஆல்காக் 1902இல் எழுதிய நூலும், 1899–1900இல் பயணம் செய்த ஸ்டான்லி கார்டினர் பதிப்பித்த மாலத்தீவு–லட்சத்தீவு உயிரினத் தொகுதிகளும் இவ்வகையின. சென்னை அரசு அருங்காட்சியகம் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைப் பற்றி 1927இல் வெளியிட்ட ஆய்வும் கரையோரக் கடல் உயிரினங்களையே பொருளாகக் கொண்டது. தீவு என்பது கடலை ஆராயும் நிலையமாகக் கருதப்பட்டதே தவிர, பறவைகளின் பிறப்பிடமாகக் கருதப்படவில்லை.

4. சட்டத்தின் பார்வை

பிரிட்டனில் கடற்பறவைகளுக்கெனத் தனிச் சட்டம் 1869இலேயே இயற்றப்பட்டது. இனப்பெருக்கக் காலத்தில் அவற்றைக் கொல்வதை அச்சட்டம் தடுத்தது. இந்தியாவில் 1887இல் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும், 1912இல் காட்டுப் பறவைகள் மற்றும் விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. தொப்பி அலங்காரத்திற்காக இறகுகளும் தோல்களும் ஏற்றுமதியானபோது, 1902இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. இச்சட்டங்கள் வேட்டையையும் வணிகத்தையும் நெறிப்படுத்த முனைந்தவை. குறிப்பிட்ட ஓர் இனப்பெருக்கத் திட்டை இடமாகக் காக்கும் கருத்து நம் நாட்டுத் தீவுகளைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னரே நடைமுறைக்கு வந்தது.

இங்குச் செஷல்ஸ் தீவுகளின் சான்று ஒப்பிடத்தக்கது. அங்குக் கருமுதுகு ஆலாவின் முட்டை உணவாகவும் வணிகப் பொருளாகவும் இருந்தது. எம்.டபிள்யூ.ரிட்லி, ரிச்சர்ட் பெர்சி ஆகியோர் அச்சுரண்டலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1958இல் வெளிவந்தது. எத்தனை முட்டைகள் எடுத்தால் குடியிருப்பு தாங்கும் என்னும் வினாவை முன்வைத்து, கணக்கெடுப்பின் துணையோடு சேகரிப்பை நெறிப்படுத்தும் வழி அங்குப் பின்பற்றப்பட்டது. லட்சத்தீவில் அத்தகைய இடைநிலை ஏற்படவில்லை. பதிவின்மையிலிருந்து நேரடியாகத் தடைக்கு வந்தோம். எண்ணிக்கை தெரியாத இடத்தில் முழுத்தடையே பாதுகாப்பான வழி என்பதை மறுக்க இயலாது. ஆனால் தடையால் விளைந்த பயன் எவ்வளவு என அளப்பதற்கும் அதே எண்ணிக்கைதான் தேவைப்படுகிறது.

5. 1938 முதல் 1995 வரை

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1938இல் இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று எஃப்.என்.பெட்ஸ் எழுதிய லட்சத்தீவுப் பறவைகள் பற்றியது. மற்றொன்று சி.எச்.பிடல்ஃப் எழுதிய இராமேசுவரம் தீவின் பறவைகள் பற்றியது. சென்னை மாகாணத்தின் மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் ஒரே ஆண்டில் ஒரே இதழில் பறவையியல் நோக்கில் பதிவானமை குறிப்பிடத்தக்கது. எனினும் இரண்டும் தனிமனித ஆர்வத்தின் விளைவுகள். அரசோ பல்கலைக்கழகமோ தொடர்ந்து நடத்திய திட்டங்களின் பயனல்ல.

விடுதலைக்குப் பின் கிழக்குக் கரையில் நிலைமை மாறியது. பம்பாய்க் கழகத்தின் பறவை வலசை ஆய்வு கோடியக்கரையில் வேரூன்றியது. 1967இல் கோடியக்கரை சரணாலயமாயிற்று. 1986இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கி மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அப்பூங்காவின் கரைப்பறவைகள் பற்றிய எஸ்.பாலச்சந்திரனின் கட்டுரை 1995இல் வெளிவந்தது. இலங்கை 2015இல் ஆதாம் பாலத்தின் தன் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கியது.

மேற்குக் கடலில் திருப்புமுனையாக அமைந்தது 1991ஆம் ஆண்டு. அவ்வாண்டு டி.என்.மேத்யூ முதலானோர் பிட்டித் தீவைக் குறித்து நடத்திய பறவையியல் ஆய்வைச் சென்னை இயற்கையியலாளர் சங்கம் நூலாக வெளியிட்டது. 1978இல் தொடங்கப்பட்ட இச்சங்கம் தன்னார்வலர்களின் அமைப்பு. சென்னை ஆட்சி நெடுங்காலம் தன் பொறுப்பில் வைத்திருந்தும் எழுதாத ஒரு பதிவை, அவ்வாட்சி நீங்கி 35 ஆண்டுகள் கழிந்தபின் சென்னையின் தன்னார்வலர்கள் எழுதினர் என்பது இவ்வரலாற்றின் முரண். அதே ஆண்டில் ஆர்.ஜே.ரஞ்சித் டேனியல்ஸ் தீவு உயிர்ப்புவியியல் நோக்கில் லட்சத்தீவுப் பறவைகளை ஆராய்ந்த கட்டுரையும் பம்பாய்க் கழக இதழில் வந்தது. நான்கு ஆண்டுகளில், 1995இல், பக்ஷிப்பிட்டி சரணாலயமாயிற்று. 2007இல் சதீஷ் பாண்டே குழுவினர் தீவுக்கூட்டத்தின் கரைப்பறவை, கடற்பறவை நிலையை விரிவாக எழுதினர். 2020இல் பி.எம்.சயீத் பெயரால் கடற்பறவைகளுக்கெனத் தனிக் காப்பகம் ஒன்றும் லட்சத்தீவில் அறிவிக்கப்பட்டது.

6. எழுதப்படாத பதிவு

மேற்கூறிய பதிவுகள் அனைத்தும் வெளியிலிருந்து சென்றோர் எழுதியவை. பக்ஷிப்பிட்டியை ஆண்டு முழுவதும் கண்டுவருவோர் சூரை மீனவர்கள். தூண்டிற்கழியால் சூரை பிடிக்கும் லட்சத்தீவு முறையில், மீன்திரளைக் காட்டித் தருபவை பறவைகளே. சூரை மீன்கள் துரத்தும்போது சிறுமீன்கள் நீர்மட்டத்திற்கு வருகின்றன. அவற்றை உண்ண ஆலாக்களும் நோடிகளும் கூடுகின்றன. அக்கூட்டத்தைத் தொலைவிலிருந்து கண்டு படகு திரும்புகிறது. எந்தப் பறவை எவ்வாறு பறந்தால் கீழே எத்தகைய திரள் உள்ளது, எத்திசையில் நகர்கிறது என்பதை அறிவது தொழிலின் அடிப்படை.

ஆகவே பறவையின் குறைவு மீனவரின் குறைவாகவும் அமையும். தலைமுறையாகக் கைமாறிய இவ்வறிவு எண்ணிக்கையாக இல்லாவிடினும், எண்ணிக்கை இல்லாத ஆண்டுகளைப் பற்றிப் பேசக்கூடிய சான்று. வாய்மொழி வரலாற்று முறையில் முதிய மீனவர்களிடம் பருவம், திரள், முட்டையெடுப்பு ஆகியன குறித்த நினைவுகளைத் திரட்டிப் படகுப் பயணக் காலத்தோடு பொருத்தினால், 1938க்கும் 1991க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை ஓரளவேனும் நிரப்பலாம். இது பறவையியலாளர் பணி மட்டுமன்று. வரலாற்று மாணவருக்கும் உரிய பணி.

7. தீவே கரையும்போது

இப்பணிக்குக் காலவரம்பு உண்டு. லட்சத்தீவின் பங்காரம் பவளத்தீவு வளையத்தைச் சேர்ந்த பராலி-1 என்னும் சிறுதீவு 1968இல் 0.032 சதுர கி.மீ. பரப்புடன் இருந்து, முற்றிலும் அரிக்கப்பட்டு மறைந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய தீவுகள் கடல்மட்டத்திற்குக் கீழே சென்றுவிட்டன. வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைத் திட்டுகள் இடப்பட்டன. 2017 இறுதியில் ஒக்கிப் புயல் லட்சத்தீவையும் தாக்கியது. சரணாலய அறிவிப்பு முட்டை எடுப்போரைத் தடுக்கும். அலையைத் தடுக்காது.

உலக அளவில் கடற்பறவைத் தீவுகளை மீட்ட முயற்சிகள் உள்ளன. தென் ஜார்ஜியாத் தீவில் கப்பல்வழி புகுந்த எலிகளை ஒழிக்கும் பணி பல ஆண்டுகள் நடந்து, 2018இல் அத்தீவு எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய முயற்சிகளின் வெற்றியை அளக்க முடிந்ததற்குக் காரணம், முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட கணக்கு. ஒப்பிடுவதற்கு முந்தைய நிலை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

8. காவிரிக்கரைக்குப் பொருந்தும் பாடம்

இவ்வரலாறு தருமபுரிக்குத் தொலைவானதன்று. ஆலா இனத்தின் உள்நாட்டு உறவான ஆற்று ஆலா, ஆற்றிடைத் திட்டுகளிலும் நீர்த்தேக்கத் தீவுகளிலும் தரையில் முட்டையிடுவது. கருநாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில் அதன் குடியிருப்பு புகழ்பெற்றது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்பறவையை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. கோடையில் வெளிப்படும் திட்டில் இட்ட முட்டை, அணையில் நீர் ஏறும்போதோ திறக்கப்படும்போதோ அழியும். ஒகேனக்கல் முதல் மேட்டூர் அணையின் பின்நீர் வரையிலான காவிரிப் பகுதியில் நீர்மட்டத்திற்கு 1934 முதல் கணக்கு உண்டு. அந்நீர்மட்டத்தைச் சார்ந்து வாழும் பறவைக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காப்புக்காடுகளைக் கொண்டு காவிரித் தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், பரிசல் ஓட்டிகளும் மீனவர்களும் அறிந்தவற்றோடு ஆண்டுதோறும் எடுக்கும் எண்ணிக்கையையும் இணைத்துப் பதிவைத் தொடங்குவது இயலக்கூடியதே.

முடிவுரை

பக்ஷிப்பிட்டியின் பதிவு வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது. முதலாவது, வருவாய் தராததால் ஆட்சி எழுதாமல் விட்ட நிலை. இரண்டாவது, இனங்களை அறிந்தும் எண்ணிக்கையை அறியாத சேகரிப்பு நிலை. மூன்றாவது, தன்னார்வலரும் ஆய்வாளரும் எழுதியதைத் தொடர்ந்து சட்டப் பாதுகாப்பு வந்த நிலை. இம்மூன்றிலும் மீனவரின் அறிவு பெயரளவில் மட்டுமே, அதாவது தீவின் பெயரில் மட்டுமே, இடம்பெற்றுள்ளது. தொடர் கணக்கெடுப்பும் வாய்மொழிச் சான்றுத் திரட்டலும் இணையும் நான்காம் நிலையே இனித் தேவைப்படுவது. பாராமகாலின் ஒவ்வொரு வயலையும் எண்ணிய மரபின் வாரிசுகளாகிய நாம், எண்ணப்படாமல் விடப்பட்டவற்றையும் அவை மறையுமுன் எழுதிவைப்பது வரலாற்றுக் கடமையாகும்.